முகட்டு ஆளின் படம்

இரண்டு விரலை வைத்து விரித்தால் கன்னியப்பன் கிட்டே வந்தான். விரல்களைச் சேர்த்தால் தூரத்துக்குப் போய், கொட்டகையின் மூங்கில் முகட்டின் மேல் கட்டெறும்பு அளவுக்கு உட்கார்ந்துகொண்டான். ஜெயக்கொடி காலையிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். விரிப்பது, புருஷன் முகத்தைப் பார்ப்பது, வாய் நேராக இருக்கிறதா, கண் கையிலிருக்கும் கயிற்றைப் பார்க்கிறதா இல்லை வேறெங்காவது போய்விட்டதா என்று பார்ப்பது, அப்புறம் படம் எடுக்க வந்ததே நினைவுக்கு வந்து அவசரமாக எதையோ அழுத்துவது. போன் அவளுடையது இல்லை, ஏகாம்பரம் மேஸ்திரியுடையது, கை நழுவிக் கீழே போட்டுவிடக் கூடாதே என்று அது வேறு பயம். ஆனால் அதெல்லாம் ஒரு பயமா, முந்தானை முடிச்சில் ஒன்று இருக்கிறதே, ஈர மணல் ஒட்டிய ஒரு வெள்ளை மாத்திரை, காலையில் அவள் கையாலேயே பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தது. அவன் வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து, தொண்டைக்குழி ஏறி இறங்கி, போதுமா என்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தானே, அதே மாத்திரை. அவன் போய் முகட்டில் ஏறிய பிறகு, தங்கியிருக்கும் குடிசைக்குப் பின்னால் பாத்திரம் கழுவப் போனவளின் காலடியில் கிடந்தது. துப்பியிருக்கிறான். எறும்புகூட அதைச் சீண்டவில்லை. குனிந்து எடுத்தபோது ஓரம் மட்டும் கொஞ்சம் கரைந்திருந்தது, நாக்கில் கொஞ்ச நேரமாவது கிடந்திருக்கும், அந்த ஓரம் உள்ளே போயிருக்கும், அந்த ஓரம் ஒரு பொழுதுக்குத் தாங்குமா? தாங்கும் தாங்கும் என்று சொல்லிக்கொண்டாள். தாங்காது என்றும் உடனே சொல்லிக்கொண்டாள்.

மரக்காணத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு விடுதிக்காரர் மூங்கிலும் தென்னங்கீற்றுமாகப் பெரிய சாப்பாட்டுக் கொட்டகை கேட்டிருந்தார். கான்கிரீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கீற்றுக்கு அடியில் உட்கார்ந்து மீன் தின்ன ஆசை, ஆசைப்பட்டால் என்ன தப்பு. ஆனால் மெட்ராஸில் இருக்கிற இன்ஜினியருக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் போக வேண்டுமாம். கால் நட்டால் படம், மூங்கில் ஏற்றினால் படம், கீற்று வேய்ந்தால் படம், வேலை செய்கிற ஆளின் முகமும் தெரிய வேண்டும், பெரிதாக்கி விடுதிச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். முதல் நாள் மேஸ்திரி தானே எடுத்தார். எல்லாப் படத்திலும் அவருடைய கட்டைவிரல்தான் விழுந்திருந்தது. கொட்டகை எங்கேய்யா என்று இன்ஜினியர் கூப்பிட்டுக் கேட்ட பிறகு, கீற்று முடைந்துகொண்டிருந்தவளை எழுப்பி, ‘ஏம்மா ஜெயக்கொடி, நீ எட்டாவது படிச்சவதான, இத நீயே புடி’ என்று கையில் கொடுத்துவிட்டார். கூட முடைகிற பெண்கள் எல்லாம், பாரேன் மகராசியை, நிழலில் நின்று வேலை பார்க்கிறாள் என்று கேலி பண்ணினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். குனிந்த தலை நிமிராமல் கீற்று முடைந்த நாட்களில் அவள் எவ்வளவு நிம்மதியாக இருந்தாள் என்று இப்போதல்லவா தெரிகிறது. கை ஓலையை மடித்துக்கொண்டிருக்கும், மேலே அவன் குரல் கேட்டுக்கொண்டிருக்கும், குரல் கேட்கிற வரைக்கும் ஆள் இருக்கிறான், அவ்வளவு போதும், அண்ணாந்து பார்க்கவே மாட்டாள். பார்த்தால்தானே பயம். இப்போது பார்ப்பதே வேலையாகிவிட்டது. பார்க்காமல் இருக்கலாம் என்றால் மேஸ்திரி விடுவதில்லை. ‘ஒவ்வொருத்தனையும் தனித்தனியா எடும்மா, மொகம் தெரியறாப்பல’ என்று காலையில் வேறு சொல்லிவிட்டுப் போனார். கன்னியப்பனோடு முகட்டில் வேலை பார்க்கும் தாமு தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றான். அவனைத் தனியாக எடுத்தாள். மேஸ்திரியைத் தனியாக எடுத்தாள். கன்னியப்பனை மட்டும் தனியாக எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அப்பா செத்தபோது வீட்டில் அவர் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. யார் கல்யாணத்திலோ கும்பலோடு நின்றவரை வெட்டி எடுத்துப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். இன்றைக்கும் அந்தச் சட்டத்துக்குள் அப்பாவின் தோளில் யாருடைய கையோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, கைக்காரர் யாரென்று யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவளுக்கு எப்போதோ மனசில் விழுந்துவிட்டது, தனியாக, தெளிவாக ஒரு படம் எடுத்து வைத்தால் அது மாலைக்குக் காத்துக்கொண்டிருக்கும் என்று. கிறுக்குத்தனம்தான், அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும், அவனை எடுக்கும்போதெல்லாம் ஓரத்தில் தாமுவின் முழங்காலையாவது, ஒரு மூங்கில் முனையையாவது, போகிற காக்காயையாவது உள்ளே இழுத்துக்கொண்டாள். தப்பித்தவறித் தனியாக விழுந்துவிட்டால் உடனே அழித்தாள். அழிக்கட்டுமா என்று போன் ஒரு தடவை கேட்கும். கேட்காமலே அழித்தால் என்ன என்று அதன் மேல் கோபம் வந்தது.

பால் தீயுது பாரு என்றான் கன்னியப்பன் அன்றைக்கு. அப்படித்தான் ஆரம்பித்தது, போன தை மாதத்தில் ஒரு மத்தியானம். வீட்டில் பாலே கிடையாது. ‘யார் வூட்டுப் பாலுக்கு இங்க காவல் காக்கற’ என்று அவள் சிரித்தாள்கூட. சிரித்துக்கொண்டே திரும்பினால், சுவரோரம் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான், வாயில் ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். கூப்பிட்டாள், திரும்பவில்லை. கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்காரர் எங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டான், வந்து, ஏன் இப்படிப் பார்க்கிறாய் என்று அவளையே கேட்டான். அடுத்த தடவை குழாயடியில். குடத்தோடு விழுந்து, கை கால் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்து, யார் யாரோ ஓடி வந்து, இரும்பு பட்டால் அடங்கும் என்று அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா நல்ல மாதிரி, உட்கார வைத்துச் சொன்னாள். இது வலிப்பிலேயே ஒரு தினுசு, முதலில் இல்லாத வாசனை வரும், வாசனை வந்ததும் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, உயரத்தில் ஏறவே கூடாது. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டபோது கூலி வேலை என்றான் கன்னியப்பன். பொய் இல்லை, ஆனால் அதில் பாதி உண்மைதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும், காய்ச்சலோடு படுத்திருந்த மகள் சஞ்சனாவின் தலைமேல் ஜெயக்கொடியின் கையை இழுத்து வைத்தான். ‘சொல்லு. இது உன் வாயால ஒரு ஆளு காதுக்குப் போகாதுன்னு புள்ள தல மேல சொல்லு.’ சொன்னாள். குழந்தையின் தலை சுட்டது. அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது, போனின் சூடோ என்று ஒரு தடவை கை மாற்றிக்கூடப் பார்த்தாள், இல்லை, அதுதான். அவனையும் குற்றம் சொல்ல முடியவில்லை. கீழே நின்று கீற்று தூக்கிக் கொடுக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். முகட்டு ஆள் என்றால் ஏகாம்பரத்திடம் அவன் ஒருத்தன். எந்த ஊரில் கொட்டகை போட்டாலும் முகட்டில் முதல் முடிச்சை அவன் போட்ட பிறகுதான் மேஸ்திரி தேங்காய் உடைப்பார். அந்த நேரத்தில் அவன் மார்பு ஒரு சுற்றுப் பெருத்துப்போவதை அவளும் பார்த்திருக்கிறாள், பார்த்துத்தான் கட்டிக்கொண்டாள். வலிப்பு வந்த ஆள் என்று தெரிந்தால் முகடு மட்டுமா போகும், தண்ணீர் கொடுக்கிறவர்கள்கூட எட்டி நின்று கொடுப்பார்கள். அது தெரிந்ததால்தான் அவளும் சரி என்றாள். அப்போது சரியாகத்தான் இருந்தது. அவன் மாத்திரை போட்டுக்கொண்டிருந்த வரைக்கும்.

‘தண்ணி குடுடி’ என்று ஏணியில் இறங்கி வந்து நின்றான் அவன். ஜெயக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது, எப்போது இறங்கினான், அதற்குள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொம்பை நீட்டினாள். குடிக்கிறவனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே, ‘மாத்திர போட்டியாய்யா?’ என்று கேட்டாள். ‘உன் எதுர்லதான போட்டன்.’ அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை விரித்தாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. திருடன் மாதிரி ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்த்தான். ‘அத்தப் போட்டா கண்ணு சொக்குதுடி. மேல குந்திக்கினு சொக்குனா நல்லாருக்குமா? நீயே சொல்லு. மொகடு முடியட்டும், சாயங்காலம் போட்டுக்கறன்.’ போட்டாலும் விழுவான், போடாவிட்டாலும் விழுவான் என்றால் டாக்டரம்மா சொன்னதில் மிச்சம் இருப்பது ஒன்றுதான், ஏறக் கூடாது. ‘ஏறாதய்யா, இன்னிக்கி ஒரு நாளு, வயித்து வலின்னு சொல்லு’ என்றாள். ‘இன்னிக்கி வயித்து வலி, நாளைக்கி? வாய மூடிக்கினு இரு. புள்ள தல மேல கை வச்சது ஞாபகம் இருக்குதில்ல?’ அதற்குள் மேஸ்திரி அங்கிருந்து குரல் கொடுத்துவிட்டார். ‘இன்னா கன்னி, புருஷன் பொண்டாட்டி ரகசியத்த ராத்திரிக்கு வச்சிக்கலாம், காத்து ஏறதுக்குள்ள மொகட்ட மூடணும்!’ எல்லாரும் சிரித்தார்கள். கன்னியப்பனும் சிரித்தபடி ஏணியில் கால் வைத்தான். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது, சிரித்தாள். மாத்திரையை மறுபடி முடிந்துகொண்டாள்.

அவன் ஏற ஏற அவள் விரல்கள் தானாக விரிந்தன. கால், இடுப்பு, முதுகு, முகம். இந்த விரலால் கிட்டே இழுக்க முடிகிறதே, அப்படியே கீழே இழுத்து மணலில் உட்கார வைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஏணியை யாராவது எடுத்துவிட்டால்? எடுத்தால் எப்படி இறங்குவான். மழை வந்தால்? வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. போன் வந்தது என்று சொல்லலாம், ஊரிலிருந்து அக்கா பேசினாள், சஞ்சனாவுக்கு... சீ, என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பாவம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறது, அதற்குச் சுரம் என்று இவள் வாயாலேயே வரவழைப்பாளா. சத்தியத்தை மீறினாலும் அந்தத் தலைக்குத்தான், பொய் சொன்னாலும் அந்தத் தலைக்குத்தான், பேசாமல் இருந்தால் அவன் தலைக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தலை வந்து நின்றது. மேஸ்திரி நல்லவர், சொன்னால் புரிந்துகொள்வார் என்று ஒரு எண்ணம் வந்தது. நல்லவர்தான், ஆனால் அவருக்கும் ஒரு பயம் உண்டு. எப்போதோ யாரோ போட்ட பீடித் துண்டில் அவருடைய பந்தல் ஒன்று முழுசாக எரிந்துபோயிற்று, அணைக்கப் போன கையில் தோல் இன்னும் வழுவழுவென்று கிடக்கிறது. அன்றிலிருந்து அவர் ஆட்கள் கொட்டகையில் தீ என்ற வார்த்தையை விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். வேலைக்கு வந்ததும் தீப்பெட்டிகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார், சமையல் எட்டத்தில் சவுக்குத் தோப்போரம்தான். அப்படி எதையும் நினைத்து நினைத்துப் பயப்படுகிற மனிதரிடம் போய், உங்கள் முகட்டில் குந்தியிருக்கிறவனுக்கு வலிப்பு என்று சொன்னால், அவர் நல்லவராக எவ்வளவு நேரம் இருப்பார்? மேலே கன்னியப்பன் கீற்றின் தண்டை முட்டியால் அழுத்தி, கயிற்றைச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்தான். பல்லால் இழுக்கிறான், அது வாயை மெல்லுவது இல்லை, பல்லால் இழுப்பது. அதற்குள் இவளுக்கு உள்ளங்கை வியர்த்து, போன் வழுக்கியது. எதிரில் தாமு கீற்றை வாங்கி அடுக்கினான். கடற்காற்று வந்து அவிழ்ந்த ஓலைகளைப் புரட்டியது. இன்னும் ஒரு ஆள் நீளம்தான் பாக்கி, அதை மூடிவிட்டால் முகடு முடிந்தது, அவன் இறங்கிவிடுவான், சாயங்காலம் மாத்திரை போட்டுக்கொள்வான், நாளைக்குச் சுவர் மறைப்பு கட்டுகிற வேலை, அதெல்லாம் தரையில்தான். ஒரு ஆள் நீளம். மாரியாத்தா, ஒரு ஆள் நீளம்.

‘ண்ணா, இன்னாவோ கருகுதுண்ணா’ என்றான் மேலிருந்து கன்னியப்பன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. யாரோ தோளைத் தொட்டுக் கேட்ட மாதிரி, மூக்கை ஒரு பக்கமாகத் திருப்பி, கொஞ்சம் சந்தேகத்தோடு சொன்னான். ‘அடிப்புடிச்ச வாசன. எங்கியோ தீயுது.’ அவ்வளவுதான், கொட்டகை முழுக்கப் பற்றிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மேஸ்திரி கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கீற்றுக் குவியலைப் பார்த்து ஓடினார். முடைகிற பெண்கள் எழுந்து மடியை உதறிக்கொண்டு ஓடினார்கள். தாமு ஏணிக்குக்கூடக் காத்திராமல் மூங்கிலைக் கட்டிப்பிடித்துச் சறுக்கி இறங்கி, தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோப்புப் பக்கம் ஓடினான். எவன்டா பீடி குடிச்சது, அடுப்பைப் பாரு, அந்தச் சாக்கை நனைடா. எல்லாரும் ஓடுகிறார்கள், எல்லாரும் ஏணிக்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள், இல்லாத தீயைத் தேடி. ஜெயக்கொடி மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். அவளுக்கு ஒரு வாசனையும் வரவில்லை, உப்புக் காற்றும் பச்சைக் கீற்றும்தான். முகட்டின் மேல் இப்போது அவன் மட்டும் இருந்தான். தாமுவின் முழங்கால் இல்லை, காக்கா இல்லை, போனுக்குள் அவன் ஒருத்தன்தான் இருந்தான், தனியாக, தெளிவாக. வாய் மெல்ல ஆரம்பித்திருந்தது. ஒரு கை சட்டைப் பொத்தானைத் தேடியது, சட்டை இல்லை, வெறும் மார்பில் தேடியது. கயிற்றின் முனை இன்னொரு கையிலிருந்து நழுவித் தொங்கியது. அவள் கட்டைவிரல் படம் எடுக்கிற பொத்தானின் மேல் அழுந்தி அப்படியே விறைத்துப்போயிற்று, விரலை எடுக்க வரவில்லை, போன் சடசடவென்று படம் எடுத்துக்கொண்டே போயிற்று, அது என்ன செய்கிறதென்றுகூட அவளுக்குத் தெரியாது. கத்த வேண்டும். என்னவென்று கத்துவது? வலிப்பு என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது, வந்த இடத்தில் ஒரு சூடான சின்னத் தலை நின்றுகொண்டு வழி விடவில்லை. மேஸ்திரி குவியலைக் கலைத்துக்கொண்டிருக்கிறார். இடுப்புக்கு மேலே அவன் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருக்கிறது, இல்லை, சாயவில்லை, சாய்கிறான். யாரும் சொல்லாத அந்த வார்த்தைதான் அவளுக்குக் கிடைத்தது. ‘தீ! மொகட்டுலதான் தீ! மேல பாருங்க, அவரப் புடிங்க, அவரப் புடிச்சி எறக்குங்க!’

மேஸ்திரி அந்த வயசில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஈரச் சாக்கோடு ஏணிக்கு வந்தார், அவரை விலக்கிவிட்டுத் தாமு ஏறினான். முகட்டில் புகையும் இல்லை, பொறியும் இல்லை. கன்னியப்பன் மட்டும் கடலைப் பார்த்து மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். தாமு பின்பக்கமாகப் போய் அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, மூங்கிலுக்குக் குறுக்கே காலைப் பின்னிக்கொண்டான். கன்னியப்பன் லேசாகத் திமிறினான். ‘டேய், பயப்படாதடா, ஒண்ணுமில்ல, நான் புடிச்சிக்கினுதான் இருக்கன்’ என்று தாமு சொல்லிக்கொண்டே இருந்தது கீழே கேட்டது. ஜெயக்கொடிக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடல் வந்து வந்து போயிற்று. பிறகு மேலிருந்து, ‘இன்னா தாமு, எதுக்குடா என்னக் கட்டிப் புடிச்சிக்கினு இருக்க?’ என்ற குரல் கேட்டது, அவனுடைய குரல்தான், சரியான குரல்தான். அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

இறக்கிக்கொண்டு வந்தார்கள். தீ எங்கும் இல்லை என்று தெரிந்ததும் பயமெல்லாம் சிரிப்பாக மாறியது, பயம் அப்படித்தான், போகிறபோது யாரையாவது கேலி பண்ணிவிட்டுத்தான் போகும். ‘புருஷன் மூக்க நீட்டுனா பொண்டாட்டி கொட்டகையவே கொளுத்திடுவா போலக்குதே’ என்றாள் ஒருத்தி. ‘கன்னி பயந்து மரமாட்டம் குந்திட்டான்யா’ என்று தாமு நடித்துக் காட்டினான். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. ‘அந்த வார்த்தைய என் வேல எடத்துல சொல்லாதன்னு எத்தினி தபா சொல்லியிருக்கன்’ என்று ஜெயக்கொடியைக் கடிந்துகொண்டார். கன்னியப்பன் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, முகத்தைத் துடைத்தான். ‘எனக்கும் வாசன வந்துச்சிண்ணா, நெசமாத்தான் வந்துச்சி. காத்துல எங்கியோ தூரத்துலேர்ந்து வந்துருக்கும்’ என்றான். அவனும் சிரித்தான். அவள் பக்கம் பார்க்கவே இல்லை. துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ‘இன்னும் ஒரு ஆளு நீளந்தான், முடிச்சிட்டு வந்து சாப்புடுறன்’ என்று ஏணியைப் பிடித்தான். ஒரு கால் ஏணியில் ஏறியும்விட்டது. ஜெயக்கொடி கையிலிருந்த போனைப் பார்த்தாள். அதில் அவன் வரிசையாக இருந்தான், ஒரே இடத்தில், ஒரே ஆள், தனியாக. எல்லாம் அழிக்க வேண்டிய படங்கள். அழிக்கட்டுமா என்று கேட்கிற இடத்துக்கு விரல் பழக்கத்தில் போயிற்று, போய் அங்கேயே நின்றது. வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னாள். வாயால். குழந்தையின் தலையில் கை வைத்தபோது அந்த வார்த்தையைப் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். சாமி இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளுமோ ஒத்துக்கொள்ளாதோ, ஒத்துக்கொள்ளாவிட்டால் எல்லாம் என் தலைக்கு வரட்டும், குழந்தை தலைக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எழுந்து போய் மேஸ்திரியிடம் நீட்டினாள். ‘இன்னாம்மா இது?’ ‘போட்டோண்ணா. இன்ஜினியருக்கு அனுப்பறதுக்கு முன்ன நீங்க ஒரு தபா பாத்துடுங்க.’

அந்தத் தடித்த விரல் தள்ளித் தள்ளிப் பார்த்தது. முதலில் சலிப்போடு தள்ளினார், பிறகு மெதுவாக, பிறகு ஒரு படத்துக்குத் திரும்பி வந்து, வெயிலுக்குக் கை மறைத்துக்கொண்டு பார்த்தார். ஓலை ஒன்று படத்துக்குப் படம் புரண்டு கிடந்தது, பின்னால் ஒரு படகு நகர்ந்து போயிருந்தது, கயிறு ஆடிக்கொண்டிருந்தது, அவன் கண் மட்டும் எந்தப் படத்திலும் எங்கேயும் பார்க்கவில்லை. வாய் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோணியிருந்தது. மேஸ்திரி தன் வழுவழுத்த கையைத் தடவிக்கொண்டார். ‘எத்தினி நாளா?’ என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து மட்டும் கொட்டியது. அவர் மறுபடி கேட்கவில்லை. போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, ஏணியில் பாதி ஏறியிருந்தவனைப் பார்த்து, ‘கன்னி, எறங்கு’ என்றார். ‘இன்னும் கொஞ்சந்தாண்ணா.’ ‘எறங்குடா. மிச்சத்த தாமு பாத்துக்குவான்.’ அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியை அவிழ்த்தார், சாமான் வைக்கிற கொட்டகையின் பெரிய இரும்புச் சாவி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ‘எனக்கும் வயசாவுது, எத்தினியத்தான் பாக்கறது. இனிமே சாமானு பொறுப்பு உன்னுது, கீழ நின்னு எல்லாத்தையும் நீதான் பாத்துக்கணும்’ என்று சொல்லி, இறங்கி வந்து நின்றவனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, தன் கையால் ஒரு அழுத்து அழுத்தினார். மற்றவர்கள், அடேயப்பா, கன்னிக்குப் பதவி வந்துடுச்சிடா என்றார்கள். கன்னியப்பன் மூடிய கையைப் பார்த்தான். இரும்பைப் பார்த்தான். குழாயடியும் யார் யாரோ அழுத்திப் பிடித்த கைகளும் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகத்தில் ரத்தம் ஏறியது. தாமு தனியாக ஏணியில் ஏறிப் போனான், அந்த ஒரு ஆள் நீளத்தைக் கட்டி முடிக்க. அவன் போவதைக் கன்னியப்பன் முகடு வரைக்கும் அண்ணாந்து பார்த்தான். பிறகு தலையைத் திருப்பினான். ‘ஏம்மா, இந்தப் பயலத் தனியா எடுத்தியா இல்லியா? அப்பயே சொன்னன்’ என்றார் மேஸ்திரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. ஜெயக்கொடி போனைத் தூக்கினாள். இரண்டு விரலையும் வைத்து விரித்தாள். ஏணி போயிற்று, மூங்கில் போயிற்று, நின்றவர்களெல்லாம் ஓரத்தில் போய் மறைந்தார்கள், அவன் மட்டும் வந்தான். கண் இரண்டும் அவள் மேலேயே இருந்தன. நீதான், நீதானே என்று கேட்கிற கண். இனி எத்தனை நாள் பேசாமல் இருப்பானோ, ஒருவேளை இதை மன்னிக்கவே மாட்டானோ, அவளுக்குத் தெரியவில்லை. கோபம் வாயில் இருந்தது, தாடையில் இருந்தது, சாவியை இறுக்கிய கையில் இருந்தது. அந்தக் கோபத்தில் அவன் முழுசாக இருந்தான். அவள் அழுத்தினாள். அழிக்கவில்லை.